நீலநாக்கு அரணையுடன் ஆறு ஆண்டுகள்: சேலத்து வெயிலும் ஏற்காட்டுப் பனியும்

இந்தோனேசிய வகை நீலநாக்கு அரணையை அஸ்தம்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "அரணை கடித்தால் மரணம்" என்று கேட்டு வளர்ந்தவர். நம் ஊர் அரணைக்கும் நஞ்சில்லை, இதற்கும் இல்லை. ஆனால் கையை வேகமாக நீட்டினால் உடம்பைத் தட்டையாக்கிச் சீறும். வாயை அகலத் திறந்து நீல நாக்கு முழுவதையும் வெளியே தள்ளும். எதிரி ஒரு கணம் திகைத்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். என்னிடம் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தது. இப்போது தட்டின் ஓசை கேட்டாலே வருகிறது.

உணவைவிட, தட்பவெப்பம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இதன் சொந்த மண்ணில் சூடும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். தொட்டியின் ஒரு முனை 35 டிகிரிக்குக் குறையாமலும், மறுமுனை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழிருந்த எங்கள் அறையில் சித்திரை மாதத்தில் குளிர்ந்த முனை என்று எதுவுமே இல்லை. காற்றும் வறண்டதால் தோல் சரியாக உரியவில்லை. விரலில் வளையமாக ஒட்டிய பழைய தோல் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, ஒரு விரல் நுனி உதிர்ந்தது. நான் கவனித்தபோது காலம் கடந்திருந்தது. அதன்பின் ஈரமான தென்னை நார்க்கழிவைத் தரையில் பரப்பி, தோல் உரியும் நாட்களில் ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக ஏற்காட்டில் இருக்கிறோம். இங்கே ஈரத்துக்குக் குறைவில்லை, சூடுதான் இல்லை. உடல் சூடாகாவிட்டால் தின்றது செரிக்காது. மின்சாரம் போன ஒரு மார்கழி இரவில், துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுவாரமே வெப்ப விளக்குக்காக இன்வெர்ட்டர் வாங்கினேன்.

அவித்த முட்டை, பூசணி, செம்பருத்திப் பூ எல்லாம் தின்னும். நத்தை என்றால் ஓட்டோடு நொறுக்கும். ஆனால் தோட்டத்து நத்தையில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் கொடுப்பதில்லை. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் காய்க்கும் பட்டர் ஃப்ரூட் இதற்கு நஞ்சு. ஆரஞ்சும் வேண்டாம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆவணங்களைக் கேளுங்கள். நீலநாக்கு அரணையில் பல வகைகள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை; ஆனால் அந்நாடு தன் காட்டுயிர்களை உயிரோடு வணிக ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. காட்டுயிர்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ள வகை என்றால், இந்திய அரசின் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நன்றாகப் பேணினால் இது 20 ஆண்டுகள்வரை வாழும். எனக்கு வயது 58. மகளிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்; விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள்தான் உணவு வைக்கிறாள்.