டிஏ ஜவானுக்கு எந்த வேலை தோது: தனியாரா, பொதுத்துறையா?

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றும் படையான டெரிடோரியல் ஆர்மியில் (டிஏ) சேரவே கையில் ஒரு பிழைப்பு இருக்க வேண்டும். அது எங்கே இருந்தால் நல்லது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கோவை பட்டாலியனில் இருந்துகொண்டே தனியார் ஆலை ஒன்றில் ஆறு வருடம், அப்புறம் பொதுத்துறையில் என்று இரண்டையும் பார்த்தவன் நான். இன்று கேட்டால் பொதுத்துறை என்பேன்.

தனியாரில் கைக்கு வரும் சம்பளம் அதிகம். மாற்றல் தொல்லை இல்லை. வருடாந்திரப் பயிற்சிக்கு லீவு இரண்டு இடத்திலும் எப்படியோ கிடைத்துவிடும். சோதனை, எம்பாடிமென்ட் உத்தரவு, அதாவது முழுநேரப் படைப்பணிக்கு அழைப்பு, வரும்போதுதான்.

1948ஆம் வருட டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7ஆவது பிரிவு, திரும்பி வருபவருக்குப் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தரச் சொல்கிறது. தராவிட்டால் அதிகபட்சம் ஆறு மாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடுக்க உத்தரவிடலாம். அந்த உத்தரவையும் மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து இந்தப் படையைத் தொடங்கி வைத்த 1949இல் அது பெரிய காசு. இன்று ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போனால் கரைந்துவிடும்.

என்னை ஆலை வெளியே அனுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். படைப்பணி முடிந்து 14 மாதம் கழித்துப் போனபோது அதே ஷிப்ட், அதே லாக்கர். பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தபோதுதான் வயிறு கலங்கியது. 14 மாதமும் காலி. சம்பளமில்லா விடுப்பு என்று போட்டு, நாட்களையெல்லாம் என்சிபி, அதாவது பங்கு கட்டாத நாட்கள், கணக்கில் தள்ளியிருந்தார்கள். அடிப்படைச் சம்பளம் 20,000. ஆலையின் பங்கு 12 சதவீதம், மாதம் 2,400. மொத்தம் 33,600 போனது. ஓய்வூதியத்திலும் அடி: ஓய்வூதியக் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000ஐ ஒன்றேகால் வருடத்துக்குச் சற்றுக் குறைந்த அந்தச் சேவையால் பெருக்கி 70ஆல் வகுத்தால், ஆயுள் முழுக்க மாதம் 250 ரூபாய் குறைவு. சின்னத் தொகைதான். ஆனால் இரண்டு மூன்று அழைப்பு வந்தால்?

வருங்கால வைப்பு நிதி உரிமை தொடரும் என்று 7ஏ பிரிவே இருக்கிறது. அதைக் காட்டினேன். "மேலே கேட்கிறோம் தம்பி" என்றார் கணக்காளர். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.

பொதுத்துறையில் அடுத்த உத்தரவு வந்தபோது நகலைக் கொடுத்தேன். லியன், அதாவது என் பதவி மீதான உரிமை, குறித்த கடிதம் பத்து நாளில் வந்தது. என் பங்கை நான் கட்டினேன், நிறுவனம் தன் பங்கைக் கட்டியது. இன்கிரிமென்ட்டும் சீனியாரிட்டியும் நகர்ந்துகொண்டே இருந்தன.

படையே பென்ஷன் தருமே என்பீர்கள். ஜவானுக்கு 15 வருடம், ஆபீசருக்கு 20 வருடம் எம்பாடிட் சேவை வேண்டும். வீட்டில் இருந்த காலம் கணக்கில் வராது. இரண்டு அழைப்பும் சேர்த்து எனக்கு மூன்றரை வருடம். தொடர்ந்து பணியில் இருக்கும் யூனிட்டில் மாட்டியவர்களுக்குக் கணக்கு வேறு. ரயில்வே யூனிட் பக்கம் நான் போனதில்லை, அதனால் அங்கே எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல முதலாளி அமைந்தால் தனியாரும் சரிதான். என் அனுபவம் ஒரே ஆலையோடு நிற்கிறது.

தனியாரில் இருப்பவர்கள் கிளம்பும் முன் உத்தரவு நகலோடு, பிஎஃப் பங்கு தொடர வேண்டும் என்று 7ஏவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீலும் தேதியும் வாங்கிவிடுங்கள். நான் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.