நாலு பாட்டில் நாலு டியூப்: இன்ஜெக்டர் லீக் ஆஃப் டெஸ்ட் கிட், ஆறு மாசம் வச்சிருந்து பாத்த பிறகு

காலையில ஒரே செல்ஃப்ல கிளம்பிடும், அதுல ஒரு குறையும் இல்ல. ஓட்டிட்டுப் போய் எங்கயாவது நிறுத்தி கால் மணி நேரம் கழிச்சு வந்து சாவியத் திருப்பினா பத்து செகண்ட் பன்னெண்டு செகண்ட்னு செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும், சுத்தி நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க, நான் போன எடுத்து காதுல வச்சுக்கிட்டு பேசுற மாதிரி நடிப்பேன். 16 வருஷ எஸ்யூவி, 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் (பம்பு ஏத்துற டீசல் 'ரெயில்'ங்கிற ஒரே பொதுக் குழாயில நின்னு எல்லா இன்ஜெக்டருக்கும் போற வகை), 2,40,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினதுக்கு பானெட்டக் கூட தூக்காம "நாலு இன்ஜெக்டரும் போயிருக்கும் சார், பம்பும் சேத்து மாத்திடுங்க"ன்னாங்க. அவங்க சொன்ன தொகைக்கு வண்டிய வித்தாலே அவ்வளவு வராது. அப்பதான், சிலிண்டருக்குள்ள டீசல் அடிக்கிற இன்ஜெக்டர்கள்ல எது அதிகமா ஒழுகுதுன்னு காட்டுற இந்த கிட்ட வாங்கினேன்.

பெட்டியில இருக்கிறது இவ்வளவுதான்: மில்லி கோடு போட்ட நாலு பிளாஸ்டிக் பாட்டில், அத தொங்கவிட ஒரு கம்பி, நாலு டியூப், அப்புறம் வேற வேற மாடல் இன்ஜெக்டர் தலையில மாட்டுறதுக்கு ஒரு பை நிறைய அடாப்டர். பாக்க ஏதோ ஸ்கூல் பிராஜெக்ட் மாதிரி இருக்கும். கூட வர்ற விளக்கத் தாள படிச்சா இருக்கிற தெளிவும் போயிடும், அத தூரப் போட்டுடுங்க.

இது என்ன பண்ணுதுன்னு புரியணும்னா இன்ஜெக்டர் எப்படி வேல செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். உள்ள வர்ற டீசல் முழுசும் சிலிண்டருக்குள்ள போறதில்ல. மேல ஒரு குட்டி வால்வு இருக்கு, கரண்ட் வந்ததும் அது திறந்து, டீசல் அடிக்கிற ஓட்டைய அடைச்சிருக்கிற ஊசி மேல இருக்கிற பிரஷரக் குறைக்கும், அப்பதான் ஊசி மேல எழும்பி டீசல் அடிக்கும். அப்படித் திறக்கும்போது வெளிய வர்ற கொஞ்சம் டீசல் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்பிப் போயிடும். புது இன்ஜெக்டர்லயும் இது நடக்கும், அது கோளாறு கிடையாது. ஆனா அந்த வால்வு உக்கார்ற இடம் தேய்ஞ்சுட்டா மூடியிருக்கும்போதும் ஒழுகிட்டே இருக்கும், பம்பு எவ்வளவு அமுக்கினாலும் ரெயில்ல பிரஷர் ஏறாது. சூடானா டீசல் தண்ணி மாதிரி இளகிடும் இல்லையா, அதனாலதான் காலையில நல்லாருக்கிற வண்டி சூட்டுல மட்டும் அடம் பிடிக்குது. இதுவே காலையில மட்டும் கிளம்பலன்னா நீங்க முதல்ல ஹீட்டர் பிளக்கதான் (குளிர்ந்த இன்ஜின் கிளம்ப சிலிண்டர சூடாக்குறது) பாக்கணும், இந்த கிட் வேண்டியதில்ல.

என்கிட்ட ஏற்கனவே ஒரு ப்ளூடூத் ஈஎல்எம்327 ஓபிடி (வண்டியில சொருகினா அதோட ரீடிங்க போன்ல காட்டுற குட்டி கருவி) இருந்துச்சு, அதுல பாத்தா சூட்டுல செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் 130, 140 பார்லயே மூச்சு வாங்கிட்டு நிக்குது. என் வண்டியில 200 பக்கம் வந்தாதான் ஈசியு, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், இன்ஜெக்டரத் திறக்க விடும். சரி, பிரஷர் எங்கயோ ஓடிப்போகுது, எது வழியான்னு கண்டுபிடிக்கணும், அதுக்குதான் நாலு பாட்டில்.

முதல் தடவ சொதப்பினேன். ரிட்டர்ன் கிளிப்ப கழட்டி நாலு டியூபையும் மாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டேன், கழட்டிப் போட்ட பழைய ரிட்டர்ன் லைனோட வாய அடைக்கணும்ங்கிறத சுத்தமா மறந்துட்டேன். பம்போட ரிட்டர்னும் அதே லைன்ல வந்து சேருது, அது வழியா டீசல் பின்னாடி வந்து நேரா ஆல்டர்னேட்டர் மேல அபிஷேகம். உடனே ஆஃப் பண்ணி துணி, பிரேக் கிளீனர்னு ஒரு மணி நேரம் துடைச்சேன். ஒரு ரப்பர் தக்கையோ, பொருத்தமான சைஸ் போல்ட்டோ போட்டு அத அடைச்சுட்டுதான் சாவியத் தொடணும்.

ரெண்டாவது தடவ ஒழுங்கா பண்ணேன். இன்ஜின நல்லா சூடு பண்ணிட்டு ஐடிலிங்ல மூணு நிமிஷம். முதல் பாட்டில் 22 மில்லி, ரெண்டு 24, நாலு 26. மூணாவது 71! பாத்துக்கிட்டு இருக்கும்போதே தெரியுது, மத்த மூணுலயும் சொட்டு சொட்டா விழுது, மூணாவதுல மட்டும் நூல் மாதிரி விடாம ஒழுகுது. அப்படியே ஆஃப் பண்ணி, இன்ஜின் கிளம்பாம இருக்க இன்ஜெக்டர் கனெக்டர கழட்டிட்டு செல்ஃப் மட்டும் அடிச்சுப் பாத்தேன், மத்ததுல ஒண்ணுமே வரல, மூணாவதுல அப்பவும் ஒழுகுச்சு. நாலும் போச்சுன்னு சொன்னவர நெனச்சு சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

ஆனா உடனே நம்பிடல, ஏன்னா பாட்டில் மேலயே எனக்கு சந்தேகம். ஊசி இல்லாத சிரிஞ்சுல 50 மில்லி தண்ணி ஊத்திப் பாத்தா ஒரு பாட்டில் 50 காட்டுது, இன்னொண்ணு 55 காட்டுது. கோட்ட அச்சடிச்சவங்க கண்ண மூடிட்டு அடிச்சிருக்காங்க. அதனால ஒண்ணாவது பாட்டில மூணாவதுக்கும் மூணாவத ஒண்ணாவதுக்கும் மாத்திப் போட்டு மறுபடி ஓட்டினேன், அப்பவும் அதே மூணாவது இன்ஜெக்டர்தான் நிரப்புது. இதுல எத்தன மில்லிங்கிறதவிட ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசம்ங்கிறதுதான் முக்கியம், அதனால இந்தக் குறைய மன்னிச்சு விடலாம்.

டியூப மட்டும் மன்னிக்க முடியாது. ரெண்டு மாசத்துல டீசல் பட்டுப் பட்டு விறைச்சு மஞ்சளாயிடுச்சு, அடாப்டர்ல மாட்டினா நிக்கல. டீசல் தாங்குற டியூப் தனியா வாங்கி வெட்டிப் போட்டேன். அடாப்டர்லயும் ரெண்டுக்கு ஓ-ரிங் லூசு, ஓரத்துல கசியுது, கசிஞ்சா ரீடிங்கே தப்பாயிடும்.

இன்ஜெக்டர் கழட்டுன கதைய தனியா எழுதணும், இங்க சுருக்கமா: ராத்திரி முழுக்க துரு இளக்குற ஆயில் ஊற வச்சு, காலையில ஸ்பேனர் போட்டு இடதும் வலதுமா ஆட்டி ஆட்டி எடுத்தேன், நெம்பி எடுக்கல. டெஸ்ட் பெஞ்ச் இருக்கிற இடத்துல குடுத்து சரி பண்ணி, புது காப்பர் வாஷர், புது கிளாம்ப் போல்ட் போட்டு மாட்டினேன். வாஷர் உக்கார்ற இடத்துல இருந்த கரிய சுரண்டவே ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அத ஒழுங்கா எடுக்கலன்னா கேஸ் மேல லீக் ஆகி இன்ஜெக்டரச் சுத்தி தார் மாதிரி கட்டிக்கும். இன்ஜெக்டர் மேல இருக்கிற கோட் நம்பர ஈசியுல ஏத்தணும், அது என்னோட சின்ன ஓபிடியால முடியல, அதுக்கு மட்டும் வெளிய போனேன். திரும்ப டெஸ்ட் பண்ணா மூணாவது 21. சூட்டுலயும் ரெண்டு சுத்துல கிளம்புது.

ஒரு விஷயம் விளையாட்டு இல்ல. இந்த கிட் ரிட்டர்ன் பக்கத்துக்கு மட்டும்தான், அங்க பிரஷர் கம்மி. ரெயில்ல இருந்து இரும்பு பைப் வர்ற பக்கம் வேற, அங்க பிரஷர் பயங்கரம். 1997ல ஆல்ஃபா ரோமியோ 156ல முதல்முதலா காருக்கு காமன் ரெயில் வந்தப்பவே 1350 பார் வரைக்கும் போச்சு. இன்ஜின் ஓடும்போது அந்த பைப்போட நட்ட லூஸ் பண்ணா டீசல் தோல ஓட்டை போட்டு உள்ள போயிடும், கிளவுஸ் எல்லாம் அதுக்கு முன்னாடி காகிதம். பழைய பம்பு வண்டியில நட்ட இளக்கி எந்த சிலிண்டர்னு பாத்த பழக்கம் உள்ளவங்க இதுல கைய வச்சுடாதீங்க. ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் நான் அந்தப் பக்கமே போவேன்.

யாருக்கு வேண்டாம்னா, பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிக்கு இதால பிரயோஜனமே இல்ல. பீசோ இன்ஜெக்டர் (காயிலுக்குப் பதிலா கரண்ட் பட்டா நீளுற படிகத்தால திறக்கிற வகை) இருந்தாலும் யோசிங்க, அதுல சில வகைக்கு ரிட்டர்ன் லைன்லயே ஓரளவு பிரஷர் இருந்தாதான் இன்ஜெக்டர் ஒழுங்கா திறக்கும், பாட்டில்ல திறந்து விட்டா இன்ஜின் கிளம்பாமலே போகலாம். ஆறு சிலிண்டர்னா ஆறு பாட்டில் செட்டா பாத்து வாங்குங்க.

எனக்கு இந்த வண்டிய ரீமேப் பண்ணி, அதாவது ஈசியு புரோகிராம மாத்தி, பவர் ஏத்தணும்னு ரொம்ப நாள் ஆசை, ஒழுகுற இன்ஜெக்டரோட அத பண்ணியிருந்தா கேக்குற பிரஷர் ரெயில்ல ஏறாம நடு ரோட்டுல லிம்ப் மோடுக்கு (ஈசியு பவரக் குறைச்சு வண்டிய ஊர வைக்கிற நிலை) போயிருக்கும். அதுக்காகவே கிட்டுக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு டியூபுக்காகக் கட். போன வாரம் சும்மா இருக்கேன்னு மறுபடி மாட்டிப் பாத்தேன், ரெண்டாவது 24ல இருந்து 31க்கு வந்திருக்கு. அடுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு.