நரம்பு வழியா, வாய் வழியா? வைட்டமின் டிரிப், ஊசி, மாத்திரை, கொய்யா

போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு என் அண்ணி கோலாலம்பூரில், பங்சாரில் ஒரு கிளினிக்கில் வைட்டமின் டிரிப் பேக்கேஜ் எடுத்தார். பத்துப் பைகள், பை ஒன்றுக்கு 350 ரிங்கிட். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் உடம்பில் தெம்பு வர வேண்டும், முகம் கொஞ்சம் தெளிய வேண்டும் என்று ஆசை. கூட வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் போட்டுக்கொண்டு வந்து "ஜம்முனு இருக்கு டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பை ஏறிய பிறகுதான் எனக்கே தெரியும். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பதினான்கு வருடமாக ஃபார்மசி கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்துவிட்டார் போல.

கவுண்டரிலும் இதே கேள்விதான். டிரிப் போடலாமா, கிளினிக்கில் பி12 ஊசி போட்டால் போதுமா, தண்ணீரில் கரையும் மாத்திரையே சரிதானா, இல்லை சாப்பாட்டிலேயே எல்லாம் கிடைத்துவிடுமா? நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். டிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது, செலவும் ஆபத்தும் அதில்தான் அதிகம்.

நான்காவது பைக்கு நானும் கூடப் போனேன். சாய்ந்து படுக்கும் நாற்காலி, மெல்லிய போர்வை, இஞ்சி டீ. தொங்கிய பையில் 500 மில்லி உப்புநீர். அதாவது அரை லிட்டர் தண்ணீரில் நாலரை கிராம் உப்பு. அதில் கலந்தவை லேபிளில் இருந்தன: வைட்டமின் சி பத்து கிராம், குளுட்டாதயோன், பி1, பி6, மெக்னீசியம். இந்த மாதிரிக் கலவைகளுக்கெல்லாம் மூலம் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த ஜான் மையர்ஸ் என்ற மருத்துவரின் கலவை. அவர் 1984இல் இறந்த பிறகு அவருடைய நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த ஆலன் கேபி என்ற மருத்துவர் அதைச் செம்மைப்படுத்தி 2002இல் எழுதினார். "மையர்ஸ் காக்டெய்ல்" என்று மெனு அட்டையில் இன்றும் பார்க்கலாம்.

"வாய் வழியாப் போனா பாதி வீண், நரம்புல போனா நூறு சதவீதம்" என்று அங்கே சொன்னார்கள். சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொன்னார்கள். வைட்டமின் சி 200 மில்லிகிராம் வரை விழுங்கினால் குடல் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிகூட ஏறாது. நரம்பில் ஏற்றினால் இந்தக் கதவே கிடையாது, இரத்தத்தில் வாயால் எட்டவே முடியாத அளவுக்கு ஏறும். சரி, ஏறியது தங்குமா? சிறுநீரகம் தனக்கு வேண்டாததைச் சில மணி நேரத்திலேயே வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 70 மில்லிகிராம். அண்ணிக்கு முக்கால் மணி நேரத்தில் போனது 10,000. நிறைந்த குடத்தில் வாளி வாளியாக ஊற்றினாலும் குடம் கொள்வது குடத்தின் அளவுதானே.

அப்படியானால் "ஜம்முனு" இருந்தது எப்படி? அந்த ஆசிரியை சொன்னதை நான் நம்புகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2009இல் வெளிவந்தது. ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல்வலி நோய் உள்ள 34 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மையர்ஸ் கலவை, மறு பாதிக்கு வெறும் உப்புக் கரைசல், வாரம் ஒரு முறை என்று எட்டு வாரம் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் வலி குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் புள்ளிவிவர ரீதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அண்ணியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அது புரிந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பள்ளிக்கு ஓடி, திரும்பி வந்து மாமியாருக்குக் கஞ்சி வைப்பவர். முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாமல், கால் நீட்டிப் படுத்து, அரை லிட்டர் நீர் உள்ளே போக, ஒரு பெண் வந்து "ஆன்ட்டி, குளுருதா?" என்று போர்வையை இழுத்துவிட்டது அந்த நாற்காலியில்தான். அந்த ஓய்வு உண்மையான ஓய்வு. அவருக்கு அது வீட்டிலேயே கிடைத்திருக்க வேண்டும். என் அண்ணனுக்கும் எனக்கும் அதில் பொறுப்பு உண்டு.

அன்று நடந்த இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணிக்குச் சர்க்கரை, ஒன்பது வருடமாக. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், இரவில் இன்சுலினும் போடுகிறார். டிரிப் முடிந்து ஒரு மணி நேரத்தில், சாப்பிடும் முன் வழக்கம்போல் விரலில் குத்திப் பார்த்தார். மீட்டரில் 17.2 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). அவருக்கு வழக்கமாக எட்டு, ஒன்பது இருக்கும். முகம் வெளிறிவிட்டது. "தம்பி, ஊசி கூட்டிப் போட்டுக்கட்டுமா?" என்று பையைத் திறந்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமாக இருக்கும்போது சில வகைக் குளுக்கோமீட்டர்கள் அதையும் சர்க்கரை என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். மீட்டரை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்திருப்பார். மறுநாள் காலை அதே மீட்டரில் 7.9. கிளினிக்கில் கொடுத்த படிவத்தில் "நீரிழிவு" என்ற கட்டத்தில் அவர் டிக் போட்டிருந்தார். மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே இன்னும் அதிகம். நம் ஆட்கள் போய் உட்காரும் நாற்காலியில் இதைச் சொல்லாமல் விடலாமா?

இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். முதலாவது, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்ப்பார்களே, "துணிக்கு அந்துருண்டை வைக்காதீங்க" என்று தாதி சொல்லி அனுப்புவாரே, அதுதான். அந்தக் குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் சி-யை அதிக அளவில் நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையலாம். இந்தப் பரிசோதனை பரவலாவதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தங்களுக்கு இருக்கிறதா என்றே தெரியாது. இரண்டாவது, சிறுநீரகம். வைட்டமின் சி உடைந்து ஆக்ஸலேட் ஆகும். அது சிறுநீரகத்தில் படியலாம். கல் இருந்தவர்களும், சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் பக்கத்திலேயே போகக் கூடாது. இதய பலவீனம் உள்ளவருக்கு அந்த அரை லிட்டர் நீரே சுமைதான்.

குளுட்டாதயோன் சேர்ப்பது நிறம் வெளுக்க. ஊசி வழிக் குளுட்டாதயோனைச் சரும வெளுப்புக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பற்றது, சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கலாம், கடுமையான தோல் ஒவ்வாமையும் வரலாம் என்று பிலிப்பைன்ஸ் மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா மாநிறமாக இருந்தால் என்ன குறை? எனக்கு இதில் மட்டும் கோபம் வருகிறது.

அடுத்தது பி12 ஊசி. தசையில் போடுவது, இரண்டு நிமிட வேலை, சாதாரணக் கிளினிக்கில் டிரிப்பின் விலையில் சிறு பங்கு. ஊசியிலேயே அர்த்தமுள்ளது இதுதான், ஆனால் குறை இருப்பவருக்கு மட்டும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். வயிற்று அறுவை செய்தவர்களுக்கும் அப்படியே. முட்டைகூடத் தொடாத சைவர்களுக்குச் சாப்பாட்டிலேயே அது குறைவாகத்தான் கிடைக்கும். குறைந்தால் அசதி, நாக்கு எரிச்சல், கால் விரல் மரத்துப்போவது எல்லாம் வரும். சர்க்கரைக்காரர் கால் மரத்தால் "அது சர்க்கரையாலதான்" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் பலருக்கு பி12 குறை கண்ணில் படாமலே போகிறது. குறை இல்லாதவருக்கு இந்த ஊசி தெம்பு தரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒன்று தெரியுமா, 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை விழுங்கினால் குடல் பழுதானவருக்கும் சுமார் ஒரு சதவீதம் தானாகவே உள்ளே கசியும். தினத் தேவை சில மைக்ரோகிராம்தான் என்பதால் பலருக்கு அதுவே போதும். கால் மரத்துப்போன நிலைக்கு வந்துவிட்டால் மட்டும் ஊசியில் தொடங்குவது நல்லது.

கரையும் மாத்திரை, மல்டிவைட்டமின் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பாடு சரியில்லாத ஒரு மாதத்துக்கு ஓட்டலாம். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டு சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது வெளியேறும் பி2. வைட்டமின் சி ஆயிரம் மில்லிகிராம் வாங்குபவரிடம் ஐநூறே போதும் என்று நான் சொல்வது வழக்கம். இரத்த அழுத்தக்காரர்கள் கரையும் மாத்திரையில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

கொய்யாவுக்கு வருகிறேன். பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், நறுக்கி, அசாம் பொடி தூவி, நெகிழிப் பையில் குச்சியோடு தருவார்களே, அதில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. குடல் முழுதாக உறிஞ்சும் அளவு என்று மேலே சொன்னேனே, கிட்டத்தட்ட அதே அளவு. அசாம் பொடியில் உப்பும் சர்க்கரையும் உண்டு, அதை மட்டும் தவிர்த்துவிட்டால் சர்க்கரைக்காரரும் அளவாகச் சாப்பிடலாம். ஆனால் இலை, காயில் பி12 கிடையாது. முருங்கைக் கீரை பெரிய கீரைதான், பி12 விஷயத்தில் அதால் ஒன்றும் செய்ய முடியாது. முட்டை, மீன், பால், கறி வேண்டும், இல்லையென்றால் மாத்திரை.

நரம்பு வழிதான் சரி என்று நான் முழு மனதோடு சொல்லும் இடங்களும் உண்டு. டெங்கியில் தண்ணீர் ஏற்றுவது. கர்ப்பத்தில் ஓயாத வாந்தி. குடிப்பழக்கத்தால் மூளை தடுமாறும்போது பி1. மாதவிடாய் அதிகமாகி இரும்புச்சத்து தீர்ந்து, மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத பெண்களுக்கு இரும்பு டிரிப். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தை ஒரே அமர்வில் ஆயிரம் மில்லிகிராம் வரை ஏற்றலாம். இவை எல்லாவற்றிலும் ஏற்றுவதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. மருத்துவமனையிலேயேகூட வைட்டமின் சி எல்லா இடத்திலும் நல்லது செய்யவில்லை. 2022இல் வெளிவந்த லோவிட் என்ற ஆய்வில், இரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதை ஏற்றிப் பார்த்தார்கள். மரணமோ உறுப்புச் செயலிழப்போ ஏற்றியவர்களில் 44.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 38.5 சதவீதம்.

இவ்வளவுக்குப் பிறகும் டிரிப் போட்டே தீருவேன் என்பவர் குறைந்தபட்சம் இதைச் செய்யட்டும். அழகு நிலையத்திலோ வீட்டுக்கு வரும் ஆளிடமோ கையை நீட்டாதீர்கள். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிச் சட்டப்படி பதிவு பெற்ற கிளினிக்கா, போடுபவர் மருத்துவரா என்று கேளுங்கள். மருந்துக் குப்பியில் "MAL" என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதைச் சுகாதார அமைச்சின் மருந்துப் பிரிவு இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் இல்லாத குப்பி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அண்ணியை அந்த வாரமே செந்தூலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனேன். முழு இரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், தைராய்டு, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு அளவு, பி12. எல்லாம் சேர்த்தும் ஒரு பையின் விலை ஆகவில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான், காத்திருக்க வேண்டும், அவ்வளவே. முடிவில் பி12 மட்டும் 118. அந்தப் பரிசோதனைக்கூடத்தில் 148-க்குக் கீழே இருந்தால் குறை. நான்கு பைகளில் போன சாமான்களில் பி12 மட்டும்தான் இல்லை. டாக்டர் ஒன்று விட்டு ஒரு நாள் ஊசி என்று இரண்டு வாரம் போட்டார், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. கால் விரல் மரமரப்பு மெதுவாகத்தான் குறைகிறது, அசதி தைக்குள் நன்றாகவே விட்டுவிட்டது.

மீதி ஆறு பைகளுக்கு 2,100 ரிங்கிட் திரும்பக் கேட்டோம். பேக்கேஜுக்குப் பணம் திரும்பாது, வேறு யாருக்காவது மாற்றித் தரலாம் என்றார்கள். "யாருக்குக் கொடுக்கட்டும் தம்பி?" என்று அண்ணி கேட்டார். யாருக்கும் வேண்டாம் அண்ணி என்றேன். ரசீது இன்னும் அவர் கைப்பையில், சர்க்கரை மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.