உப்புவெளியில் றொட் பிறேக் வேலை: பிரிஃபெக்ட் காரை நம்பி விடலாமா?

1949 முதல் 1953 வரை வந்த ஃபோர்ட் பிரிஃபெக்ட் இ493ஏ காரில் பிறேக் ஒயில் என்ற பேச்சே இல்லை. பெடலிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் இரும்பு றொட்தான். கேர்லிங் கம்பனியின் முறை, சக்கரத்தோடு சுழலும் 10 அங்குல டிறம். திருகோணமலையில் இதைத் தொடத் தெரிந்தவர்கள் குறைவு. உப்புவெளியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய கராஜில் நடந்த வேலையைப் பற்றியது இது.

பெடல் ஆழமாகப் போகிறதென்றால் பல இடங்களில் முதலில் செய்வது றொட்டின் நுனியை முறுக்கி நீளத்தைக் குறைப்பதுதான். ஒரு கிழமைக்கு நன்றாகத்தான் இருக்கும். பிறகு, றொட் எப்போதும் இழுபட்டே நிற்பதால் டிறத்தை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களை விரிக்கும் ஆப்பு முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஷூ உரசிச் சூடேறும், லிவரின் கோணமும் கெடும். இங்கே றொட்டில் கை வைக்கவில்லை. றொட்டையும் லிவரையும் மூட்டில் இணைக்கும் கிளெவிஸ் பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடற்காற்றில் துருவேறிய கிளெவிஸ் பின், தான் நுழையும் துவாரத்தை முட்டை வடிவில் தின்றுவிடும். ஒரு மூட்டில் அரை மில்லிமீற்றர் ஆட்டம் பெரிதல்ல. வரிசையாக ஐந்தாறு மூட்டில் இருந்தால், லிவர் அதைப் பெருக்கிப் பெடலில் காட்டும். துவாரத்தை றீமர் போட்டு வட்டமாக்கி, லேத்தில் கடைந்த சற்றுப் பருமனான பின் போட்டார்கள். அது கழன்று விழாமல் தடுக்கும் ஸ்பிளிற் பின்னும் புதியது. பழையதை நிமிர்த்திப் போடும் கெட்ட பழக்கம் இல்லை. கூம்பு அச்சில் இறுகியிருந்த பின்சக்கர ஹப்பையும் சுத்தியலால் அடிக்காமல், இழுத்தெடுக்கும் புல்லர் வைத்தே எடுத்தார்கள்.

ஷூவின் மேல் றிவிற் அடிக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் விஷயத்தில்தான் குறை. கையிருப்பில் இருப்பது லொறிக்கான கடின ரகம். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் சேர்வோ இல்லாத இந்தக் காரில் அதைப் போட்டால் கல்லை மிதிப்பது போலத்தான். மென்மையான ரகத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இவர்கள் றிவிற் அடிக்கும் முறை சரி: நடுவில் தொடங்கி இரு நுனிக்கும். நுனியில் தொடங்கினால் நடுவில் லைனிங் ஷூவை விட்டு எழும்பி நிற்கும். பழைய தூசியைக் கொம்பிரசரால் ஊதுகிறார்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

அட்ஜஸ்ட் செய்தது ஒழுங்கு. ஹான்ட் பிறேக்கை விட்டு, நான்கு சக்கரத்தையும் தூக்கி, அட்ஜஸ்டரை ஷூ டிறத்தைப் பிடிக்கும்வரை முறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுழலும்வரை ஓரிரு கிளிக் பின்வாங்கினார்கள். பிறகு ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றி எது முந்திப் பிடிக்கிறதெனப் பார்த்தார். முந்துகிற சக்கரத்தை இன்னொரு கிளிக் தளர்த்தினால் போதும்.

காரை எடுத்ததும் கோணேசர் கோயில் இறக்கத்தில் சோதிக்க வேண்டாம். சமதரையில் மெதுவாகப் பல தடவை நிறுத்தி, டிறங்களுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ உரசுகிறது. நிலாவெளிக் கரையோரம் ஓடும் காரென்றால் மாதம் ஒருமுறை மூட்டுகளுக்கு எஞ்சின் ஒயில் விடவேண்டும். லைனிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது.

காலையில் விட்டு மாலையில் எடுக்கும் வேலையல்ல, கிளெவிஸ் பின் கடையவே நேரமெடுக்கும். லேத் கூலி, லைனிங் கூலி இரண்டையும் தனித்தனியாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.