ஊட்டி, குன்னூர் பக்கம் பூல் டேபிள்ல காசு கட்டி ஆடுற தம்பிங்களுக்கு: இதை படிச்சிட்டு ஆடுங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பூல் (டேபிள்ல குச்சியால பாலை அடிச்சு பாக்கெட்ல தள்ளுற ஆட்டம்) ஆடுற பசங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க, டிரைவர் குரூப்ல எல்லாம் போட்டு விடுங்க. மே சீசன் முடிஞ்சு மழை புடிக்கிற நேரத்துல வெளியூர் ஆளுங்க ரெண்டு பேர் வந்து நம்ம பசங்க காசை பந்தயத்துல வழிச்சிட்டு போயிருக்காங்க. என் சித்தப்பா பையன் மட்டும் ஒரே ராத்திரியில 65,000 ரூபா விட்டிருக்கான். டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவன், வண்டி டியூ கட்ட சேத்து வெச்சிருந்த காசு அது. நேரம் பாத்துதான் வராங்க, சீசன் காசு கையில இருக்கும், மழையில சவாரி இருக்காது, பசங்க எல்லாம் பூல் கிளப்லதான் கெடப்பாங்கன்னு அவனுங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

கிளப் பேரை இங்க போடல. ஆளுங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னுதான் சொல்லப்போறேன்.

முதல்ல ஒருத்தன் தனியா வந்தான். ரொம்ப மரியாதையா பேசுவான், எல்லாரையும் அண்ணா அண்ணான்னு கூப்பிடுவான், எல்லாருக்கும் டீ சொல்லுவான். "காலேஜ்ல ஏதோ ரெண்டு தடவை க்யூ (ஆடுற குச்சி) புடிச்சிருக்கேண்ணா, அவ்ளோதான்"ன்னு சொல்லிட்டு, "உங்க ஊர்லதானேண்ணா ஸ்னூக்கருக்கே ரூல்ஸ் போட்டாங்க"ன்னு, பூல் மாதிரியே குச்சியால ஆடுற அந்த ஆட்டத்தைப் பத்தி ஆரம்பிச்சிருக்கான். அது உண்மைதான், 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ஆர்மி ஆபீசர் (பின்னாடி பிரிட்டன் பிரதமரா வந்தவர் வேற ஆள்) ஆரம்பிச்ச ஆட்டத்துக்கு 1882ல நம்ம ஊட்டி கிளப்லதான் ரூல்ஸ் எழுதி மாட்டுனாங்க. நம்ம பசங்களுக்கு அதைக் கேட்டதும் ஒரே பெருமை. ஆனா ரெண்டு தடவை க்யூ புடிச்சவனுக்கு இந்தக் கதை எல்லாம் எப்படி தெரியும்னு அங்க ஒருத்தருக்கும் தோணல.

ஆட்டம் 9 பால். குச்சியால அடிக்கிற வெள்ளை பால், டேபிள்ல இருக்குறதுலயே சின்ன நம்பர் பாலை முதல்ல தொடணும், 9 விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது, பொடிப் பசங்களுக்கும் புரியும். 200 ரூபாயில ஆரம்பிச்சு அவனே தோத்தான், திரும்ப தோத்தான், 500 ஆச்சு அப்பவும் தோத்தான், அப்புறம் சோகமா மூஞ்சிய வெச்சுக்கிட்டு "அண்ணா நீங்க ரொம்ப நல்லா ஆடுறீங்க, எனக்கு 8 ஸ்பாட் குடுத்தா ஆடுறேன்"னு கேட்டிருக்கான். அதாவது அவன் 8 போட்டாலும் ஜெயிச்ச மாதிரி, நம்ம பையன் மட்டும் 9தான் போடணும். பாவம்னு இவனும் குடுத்துட்டான். இதுதாங்க மொத்த வேலையும். அதுவரைக்கும் தோத்த சில்லறை எல்லாம் இந்த ஸ்பாட்டை வாங்க அவன் போட்ட முதல். அதை கையில வாங்கினதுக்கு அப்புறம்தான் ஆயிரக்கணக்குல பேச்சு வந்திருக்கு, ரேஸ் டூ 7 (யார் முதல்ல 7 ஆட்டம் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு காசு), ஜெயிச்சவன் பிரேக் (அடுத்த ஆட்டத்தோட முதல் அடி) பண்ணணும்னு. ஜெயிச்சவனே பிரேக் பண்றதுன்னா அடுத்தவன் சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும், என் தம்பி அப்படித்தான் உக்காந்திருந்தான்.

அங்க இருந்த ஒரு பையன் போன்ல எடுத்த வீடியோவை நான் திரும்பத் திரும்ப பாத்தேன். உண்மையிலயே ஆடத் தெரியாதவன் மிஸ் பண்ணா வெள்ளை பால் டேபிள் பூரா ஓடும், கண்ட எடத்துல நிக்கும், சில நேரம் பாக்கெட்லயே போய் விழும். இவன் தோத்துக்கிட்டு இருக்குறப்போ மிஸ் பண்ண ஒவ்வொரு அடியிலயும் குறி வெச்ச நம்பர் பால் பாக்கெட் வாயில முட்டி நிக்குது, வெள்ளை பால் மெதுவா போய் வேற ஒரு பாலுக்கு பின்னாடி ஒளிஞ்சுக்குது, அடுத்து ஆட வர்றவனுக்கு நேர் அடியே இல்ல, குஷன்ல (டேபிள் ஓரத்துல) அடிச்சு தொட வேண்டியதா இருக்கு. தோக்கணும்னு முடிவு பண்ண ஆட்டத்துல மட்டும் கடைசி 9ஐ வாயில விட்டு வெச்சு குடுத்திருக்கான். அதனால தம்பிங்களா, எவனாவது சும்மா சும்மா மிஸ் பண்ணா பாக்கெட்டை பாக்காதீங்க, வெள்ளை பால் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க, அது பொய் சொல்லாது.

ரெண்டாவது ஆள் அப்புறமா வந்தான், இவனை தெரியாத மாதிரியே. அவன் நம்ம பையன் பக்கம் சைடு பெட் கட்டி, கைதட்டி, "நான் உங்க மேலதான் போட்டிருக்கேன், விடாதீங்கண்ணா"ன்னு ஏத்தி விட்டுக்கிட்டே இருந்தான். நம்ம காசு நம்பிக்கைக்கு பொதுவா அவன் கையிலதான் இருந்துச்சு. மறுநாள் ரெண்டு பேரும் ஒரே காருல கல்லட்டி மலை ரோட்டுல இறங்கிப் போறதை நம்ம டிரைவர் ஒருத்தர் பாத்திருக்காரு. எனக்கு இதைவிட வயிறு எரியுறது, இவனுங்களை கிளப்புக்கு கூட்டிட்டு வந்து அறிமுகம் பண்ணி வெச்சது நம்ம ஊர் பையன் ஒருத்தன், அவனுக்கும் இதுல பங்கு போயிருக்கு.

உலகத்துல இது புதுசு இல்ல. பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் 1985ல அமெரிக்கா போனப்போ பேர் தெரிஞ்சிடும்னு சீசர் மொராலஸ்ங்கற பேர்ல ஹூஸ்டன்ல ஆடி பெரிய பெரிய ஆளுங்களையே கவுத்தாரு. அவர் ஆட்டத்துக்கு நான் அடிமை, ஆனாலும் பேரை மறைச்சு ஆடினது எனக்கு புடிக்காது. அதே ரேயஸ் 1996ல ஹாங்காங்ல அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட்கூட ரேஸ் டூ 120 ஆடினாரு, ஜெயிச்சா 1,00,000 டாலர், ரொம்ப பின்தங்கி இருந்து ஏறி வந்து 120-117ல முடிச்சாரு. ரெண்டு பேரும் யாருன்னு ஊருக்கே தெரியும், எதிராளிக்கும் தெரியும். அது பந்தயம். ஆடத் தெரியாத மாதிரி நடிச்சு டிரைவர் பையன்கிட்ட டியூ காசை புடுங்குறது திருட்டு.

இன்னொன்னு, பாக்கி 40,000 குடுன்னு இப்ப போன் பண்ணி மிரட்டுறாங்க. பயப்படாதீங்க. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 30வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, அந்தக் காசுக்கு கோர்ட்ல கேஸ் போட முடியாது. ஆனா அதே பிரிவு நமக்கும்தான், தோத்ததை பந்தயக் காசுன்னு சொல்லி கேஸ் போட்டும் வாங்க முடியாது. ஏமாத்தினதுக்கும் மிரட்டினதுக்கும்தான் நாம கம்ப்ளைன்ட் குடுக்கணும். வெறும் பேப்பர்லயோ செக்லயோ கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கால் ரெக்கார்டிங் எதையும் அழிக்காதீங்க.

கூடலூர்லயும் இதே மாதிரி ரெண்டு பேர் ஆடினதா காதுல விழுந்துச்சு. அங்க காசு விட்டவங்க யாராவது இதை படிச்சா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எல்லாரும் சேந்து ஸ்டேஷன்ல ஒரே கம்ப்ளைன்ட்டா குடுக்கலாம், வீடியோ என்கிட்ட இருக்கு.