மீனாட்சிபுரத்தில் பழைய போனை நம்பிக் கொடுக்க ஒரு கடை

நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரத்தில், மீனாட்சிபுரத்தில் இருக்கிற சின்ன மொபைல் சர்வீஸ் கடை இது. ஒரே ஆள்தான், அவரே முதலாளி. டிஸ்பிளே போய் மேசைக்குள் கிடந்த அம்மாவின் பழைய சாம்சங்கை இங்கேதான் விலைக்குக் கொடுத்தேன்.

பென்ஷன் பாஸ்புக், ஆதார், வீட்டுப் பத்திரம் என்று எல்லாவற்றையும் அம்மா அதில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். முதலில் போன வேறொரு பெரிய கடையில், "வச்சிட்டுப் போங்க, நாங்களே அழிச்சிருவோம்" என்றார்கள். இந்தக் கடையைவிட நல்ல விலையும் சொன்னார்கள். ஆனால் திரை தெரியாத போனில் எதை அழித்தார்கள், எதை விட்டார்கள் என்று நாம் எப்படிப் பார்ப்பது? திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடைக்காரர் போனைக் கையில் வாங்கியதும் சொன்னது: "மக்களே, உள்ள கெடக்கத அழிக்காம யாருட்டயும் குடுக்காத." சொன்னதோடு நிற்கவில்லை. பின்மூடியைத் திறந்து சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து என் கையில் தந்தார். போனை ரீசெட் செய்தாலும், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசுபோல் ஆக்கினாலும், கார்டில் இருப்பது அப்படியே இருக்குமாம். அப்புறம் கடையில் இருந்த ஒரு நல்ல டிஸ்பிளேயைத் தற்காலிகமாக மாட்டினார். அதற்கு 100 ரூபாய். போன் உயிர் பெற்றது. போனைத் திறக்கும் பின் நம்பரை நான் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒன்றிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

உடனே ரீசெட் செய்யவும் விடவில்லை. ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த புதுப் போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் தானாகவே சங்கேதமாகத்தான் சேமிக்கப்படும். ரீசெட் செய்தால் அதைத் திறக்கும் சாவி அழிந்துவிடும், பிறகு அதைப் படிக்க முடியாது. அம்மாவுடையதோ ஆண்ட்ராய்டு 5. அதில் வெறுமனே அழித்தால் படத்தின் முகவரிதான் போகும். அந்த இடத்தில் வேறு ஏதாவது பதிவாகும்வரை, தெரிந்தவர்கள் மென்பொருள் வைத்துப் படத்தை மீட்டுவிடலாம். அதனால் செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் போய் முதலில் என்கிரிப்ட் செய்ய, அதாவது உள்ளே இருப்பதைச் சங்கேதமாக மாற்ற வைத்தார். இதற்கு பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு கூகுள் கணக்கை நீக்கி, கடைசியில் ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்திருந்தால், அடுத்து வாங்குகிறவரிடம் போன் அம்மாவின் கணக்கையே கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பழைய போன் வாங்கும்போது அடையாளத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார். திருட்டுப் போன் வந்துவிடக் கூடாது என்ற அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் போனில் இருந்து அழித்த ஆதாரையே காகிதத்தில் கொடுத்துவிட்டு வர முடியுமா? ஆதார் இணையதளத்தில் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகல் கிடைக்கும். அதைக் கொடுத்தேன், மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், எழுதிய பில்லும் நாம் கேட்டால்தான் தருகிறார். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். போன் நாளைக்கு யார் கைக்குப் போனாலும், இன்ன தேதியில் நாம் கொடுத்துவிட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

விலை 600 ரூபாய்தான் கிடைத்தது. சுத்தமாக உயிர் வராத போன் என்றால், போர்டைக் கழற்றி நம்மிடமே தந்துவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மெமரி சிப் போர்டில்தானே இருக்கிறது. சாயங்காலம் கூட்டம் அதிகம், அதனால் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போங்கள்.