போட்டோடயோடுக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்: வெறும் ரெசிஸ்டரா, டிரான்ஸ்இம்பீடன்ஸா, ரெடிமேட் சிப்பா?

பிபிடபிள்யூ34 போன்ற போட்டோடயோடு, அதாவது ஒளியை உணரும் டயோடு, தருவது மின்னோட்டம். மைக்ரோகண்ட்ரோலருக்கு வேண்டியதோ வோல்டேஜ். இடையில் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

டயோடுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், அதன்பின் ஒரு பஃபர் (வோல்டேஜை மாற்றாமல் அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் சர்க்யூட்). இதைவிட எளிய வழி கிடையாது. பகலா இரவா என்று பார்க்க இதுவே போதும். ஆனால் குண்டு பல்பின் 1000 லக்ஸ் வெளிச்சத்தில் இந்த டயோடு சுமார் 70 மைக்ரோ ஆம்பியர் தரும். 10 கிலோ ஓம் போட்டால் 0.7 வோல்ட் வர வேண்டும், வராது. 0.3 வோல்ட்டைத் தாண்டும்போதே டயோடு தன் மின்னோட்டத்தைத் தானே விழுங்க ஆரம்பித்துவிடும். ரிவர்ஸ் பயாஸ், அதாவது டயோடுக்கு எதிர்த்திசையில் வோல்டேஜ், கொடுத்தால் இது தீரும், ஆனால் இருட்டிலும் கசியும் டார்க் கரண்ட் கூடவே வரும்.

மங்கிய ஒளியில் மின்னோட்டம் குறைவு என்று 1 மெகா ஓம் போட்டால் வேகம் போய்விடும். பயாஸ் இல்லாதபோது டயோடின் கெபாசிட்டன்ஸ் 70 பிக்கோ ஃபாரட். இரண்டும் சேர்ந்தால் வேகத்தின் எல்லை வெறும் 2.3 கிலோ ஹெர்ட்ஸ்.

அதே 1 மெகா ஓமை ஆப்-ஆம்ப் என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்பின் ஃபீட்பேக்கில் (அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் வழியில்) வைத்தால் அது டிரான்ஸ்இம்பீடன்ஸ், மின்னோட்டத்தை வோல்டேஜாக மாற்றும் ஆம்ப்ளிஃபயர். டயோடின் இரு முனைக்கும் இடையே வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்பதால் அந்தக் கெபாசிட்டன்ஸ் ஒவ்வொரு முறையும் நிரம்பிக் காலியாக வேண்டியதில்லை. 10 மெகா ஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப் என்றால் தோராயமாக 150 கிலோ ஹெர்ட்ஸ் வரை போகலாம். என் ஓட்டு இதற்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒன்று, ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு கெபாசிட்டர் கட்டாயம். இல்லையென்றால் சர்க்யூட் ஆசிலேட் ஆகலாம், அதாவது அவுட்புட் தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன கணக்குக்கு வேண்டியது 1 பிக்கோ ஃபாரட்தான்! பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையிலேயே அந்த அளவு இருக்கும், அதனால் அங்கே சோதித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொன்று, கையில் இருக்கிறதே என்று எல்எம்358 ஆப்-ஆம்ப்பைப் போடாதீர்கள். அதன் பயாஸ் கரண்ட் (இன்புட் முனையில் ஓடும் சிறு மின்னோட்டம்) பத்துக்கணக்கான நானோ ஆம்பியர், அதாவது 1 மெகா ஓமில் ஒளியே இல்லாமல் பத்துக்கணக்கான மில்லிவோல்ட் பிழை. வேகம் வேண்டாம் என்றால் எம்சிபி6002 நல்லது: பயாஸ் கரண்ட் 1 பிக்கோ ஆம்பியர், 5 வோல்ட் ஒற்றை சப்ளை போதும்.

அப்புறம் ரெடிமேட் சிப்பான ஓபிடி101. டயோடு, ஆம்ப்ளிஃபயர், 1 மெகா ஓம் எல்லாம் ஒரே சிப்புக்குள். 14 கிலோ ஹெர்ட்ஸ் போதும், விலை பரவாயில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நாடித்துடிப்பு அளப்பதற்கு அது தாராளம். ஆனால் வெயிலில் வைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே இருக்கும் 1 மெகா ஓமால் அவுட்புட் வோல்டேஜ் உடனே உச்சத்தில் முட்டி நிற்கும். அதற்குப் பதிலாக வெளியே குறைந்த ஓம் ரெசிஸ்டர் போட வேண்டிவரும்.